பகை எப்போது முடிகிறது? வெறுக்கப்பட்ட ஆட்சியாளரின் இறப்பும் மெய்ப்பாடும்

முன்னுரை

இறந்தவரைப் பழித்தல் தகாது என்பது பெரும்பாலான சமூகங்கள் போற்றிவரும் அறம். தமிழர் வழக்கிலும் இதற்கு ஆழமான இடமுண்டு. ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருந்த பங்காளியும் துக்கச் செய்தி கேட்டால் வந்து நிற்பான். வாய்க்கரிசி இட்டபின்னரே திரும்புவான். பாகத் தகராற்றை இழவு வீட்டு முற்றத்தில் எவரும் எடுப்பதில்லை. ஆயின், இறந்தவர் ஒரு நாட்டின் மக்களைச் சிறையிலிட்டும் சித்திரவதை செய்தும் கொன்றும் ஆண்ட ஒருவராக இருப்பின், அவரால் தந்தையை இழந்த மகள் அச்செய்தியை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும்? அவள் வாய்விட்டுச் சிரித்தால் அதனை அறக்கேடு எனலாமா?

மெய்ப்பாட்டியல் பாடம் நடந்த வகுப்பொன்றில் முதுகலை மாணவி ஒருவர், "பகைவன் இறந்தால் வரும் மகிழ்ச்சியைத் தொல்காப்பியர் எந்த மெய்ப்பாட்டில் அடக்குகிறார்?" என்று வினவினார். உவகை என்று உடனே விடையளித்தேன். அன்று மாலை நூற்பாவை மீண்டும் நோக்கியபோது அவ்விடை பொருந்தாமை புலப்பட்டது. அவ்வினாவின் விளைவே இக்கட்டுரை. சிலி நாட்டின் அகஸ்டோ பினோசெட் 2006-இல் இறந்தபோது மக்களிடையே எழுந்த உணர்ச்சிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பண்படுத்தப்படாத உணர்ச்சிக்கு அறத்தில் உரிய இடம் யாது என்பதனைத் தமிழ் இலக்கண, இலக்கிய மரபின் துணையுடன் ஆராய இது முற்படுகிறது.

சாந்தியாகோவில் ஒரு நாள்

1973 செப்டம்பர் 11 அன்று, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் சால்வடார் அயெந்தேயின் அரசைப் படைத்துறை கவிழ்த்தது. அதன்பின் தரைப்படைத் தளபதி பினோசெட் 1990 மார்ச் வரை சிலியை ஆண்டார். அவ்வாட்சியில் 3,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது பிடித்துச்செல்லப்பட்டுக் காணாமற்போயினர். அரசியல் காரணங்களுக்காகச் சிறைப்பட்டும் சித்திரவதைக்கு உள்ளாகியும் உயிர் பிழைத்தோர் 38,000-க்கும் மேற்பட்டவர் என்பதனைப் பின்னாளில் அரசு அமைத்த விசாரணைக் குழுக்கள் ஏற்றுப் பதிவு செய்துள்ளன. 1978-இல் பிறப்பிக்கப்பட்ட பொதுமன்னிப்புச் சட்டம் குற்றமிழைத்தோருக்கு நெடுங்காலம் அரணாக நின்றது.

1998 அக்டோபரில் ஸ்பெயின் நீதிபதி ஒருவரின் ஆணைப்படி பினோசெட் இலண்டனில் தடுத்துவைக்கப்பட்டார். உடல்நலக் குறைவு கூறப்பட்டு 2000 மார்ச்சில் நாடு திரும்பினார். சிலியிலும் வழக்குகள் தொடர்ந்தன. வீட்டுக்காவல் ஆணைகள் பிறந்தன. எனினும் எந்த வழக்கிலும் தீர்ப்பு வரவில்லை. 2006 டிசம்பர் 10 அன்று, தம் 91-ஆம் அகவையில், படைத்துறை மருத்துவமனையில் அவர் இறந்தார். அந்நாள் உலக மனித உரிமை நாளாகவும் அமைந்தது.

செய்தி பரவியதும் தலைநகர் சாந்தியாகோவின் இத்தாலியச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். மதுப்புட்டிகள் திறக்கப்பட்டன, பாடலும் ஆடலும் நிகழ்ந்தன, அறிமுகமற்றோர் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். காணாமற்போனோரின் ஒளிப்படங்களை ஏந்தி வந்தோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். மாலையில் சில இடங்களில் கல்வீச்சும் காவலரின் கண்ணீர்ப்புகை வீச்சும் நிகழ்ந்தன. அதே வேளையில் மருத்துவமனை வாயிலில் பினோசெட்டின் ஆதரவாளர் கதறி அழுதனர். ஒரே நகரம் ஒரே இறப்பிற்குச் சிரிக்கவும் அழவும் செய்தது.

அஃது உவகையா?

தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடு எட்டனுள் ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களங்களில் தோன்றுவது. உவகைக்கு அவர் கூறும் களங்கள் செல்வமும் புலன் நுகர்ச்சியும் காதலர் கூட்டமும் விளையாட்டும் ஆகும். பகைவனின் வீழ்ச்சி இவற்றுள் இல்லை. மேலும், உவகையைத் துன்பத்தின் நீங்கிய ஒன்றாகவே அவர் அடைகொடுத்து உரைக்கிறார். இவ்வடை ஈண்டுக் கூர்ந்து நோக்கத்தக்கது. சதுக்கத்தில் ஆடிய மக்களின் மகிழ்ச்சி துன்பத்தின் நீங்கியது எனக் கூற இயலாது. கையில் காணாமற்போன மகனின் படத்தை ஏந்தி ஆடும் தாயின் நிலையை உவகை எனப் பெயரிடுவது பொருந்தாது.

வெகுளிக்குத் தொல்காப்பியர் கூறும் களங்களை உரையாசிரியர் விளக்கத்தோடு சேர்த்து நோக்கினால் வேறொரு வாயில் திறக்கிறது. உடலுறுப்பைச் சிதைத்தல், குடியையும் சுற்றத்தையும் கெடுத்தல், அடித்தும் வைதும் வருத்துதல், கொலை என்பன அவை. சிலியின் விசாரணைக் குழுக்கள் தொகுத்த கொடுமைகளின் பட்டியலும் ஏறத்தாழ இவ்வாறே அமைகிறது. அழுகையின் களங்களுள் இழப்பும் இழிவும் இடம்பெறுகின்றன. நகையின் களங்களுள் எள்ளல் ஒன்று. ஆகவே அன்று சாந்தியாகோவில் புறத்தே தோன்றியது எள்ளல் நகை. அதன் அடியில் கிடந்தவை முப்பத்துமூன்று ஆண்டுக்கால வெகுளியும் அழுகையும் எனக் கொள்வதே பொருத்தமுடையது.

உள்ளத்து நிகழ்வு உடலின்வழிப் பிறர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு என்பது உரையாசிரியர் விளக்கம். இவ்விளக்கத்தில் ஓர் அறக்கருத்தும் அடங்கியுள்ளது. மெய்ம்மயிர் சிலிர்ப்பதும் கண்ணீர் வார்வதும் ஒருவர் எண்ணித் துணிந்து செய்யும் செயல்கள் அல்ல. செயலுக்கே பழியும் புகழும் உரியன. தானே தோன்றும் மெய்ப்பாட்டிற்கு அவற்றை ஏற்றுதல் முறையன்று. செய்தி கேட்ட நொடியில் எழுந்த சிரிப்பை அறக்கேடு எனப் பழிப்போர் இவ்வேறுபாட்டினைக் கருதுவதில்லை.

உடல் கிடைக்காத இழவு

அச்சிரிப்பின் அடியில் அழுகை இருந்தது என்பதற்குச் சான்று, சிலி மகளிர் இயற்றிய ஒரு கூத்தில் உள்ளது. ஆணும் பெண்ணும் இணைந்து, கையில் துணி வீசி ஆடும் குவேக்கா அந்நாட்டின் மரபு நடனம். காணாமற்போனோரின் மனைவியரும் தாயரும் 1978 முதல் அதனைத் தனித்து ஆடினர். எதிரே ஆடவேண்டிய ஆடவனின் இடம் வெறுமையாக விடப்பட்டது. கணவன் இறந்தான் என்று அழவும் வழியில்லை. உயிரோடுள்ளான் என்று காத்திருக்கவும் வழியில்லை. அந்நிலையை உணர்த்த அவர்களுக்குக் கிடைத்த வடிவம் அவ்வெற்றிடமே.

நம் ஒப்பாரி மரபை அறிந்தோர்க்கு இதன் கொடுமை எளிதில் விளங்கும். ஒப்பாரி, உடலைச் சுற்றி அமர்ந்து பாடப்படுவது. இறந்தவரின் முகத்தை நோக்கி, அவரை விளித்து, அவரோடு பேசுவதாகவே அது அமைகிறது. புறத்திணையின் கையறுநிலையும் இன்னார் இறந்தார் என்னும் உறுதியிலிருந்தே தொடங்குகிறது. உடல் கிடைக்காத வீட்டில் ஒப்பாரிக்குத் தொடக்கமே இல்லை.

இப்பின்னணியில் பினோசெட்டின் இறுதிச்சடங்கை நோக்குதல் வேண்டும். அவர் உடல் படைத்துறைப் பள்ளியில் பேழையில் வைக்கப்பட்டது. ஆதரவாளர் வரிசையில் நின்று முகம் பார்த்து விடைபெற்றனர். தாம் பிறர்க்கு மறுத்த அனைத்தும் அவர்க்குக் கிடைத்தன. அவ்வரிசையில் வேறொருவரும் நின்றார். அவர், பினோசெட்டுக்கு முன் தரைப்படைத் தளபதியாக இருந்த கார்லோஸ் பிராட்ஸின் பேரன். பிராட்ஸும் அவர் மனைவியும் 1974 செப்டம்பர் 30 அன்று புவெனஸ் அயர்ஸில், சிலியின் உளவுத்துறை வைத்த வாகன வெடிகுண்டால் கொல்லப்பட்டவர்கள். பேழையை நெருங்கியதும் அப்பேரன் அதன்மீது உமிழ்ந்தார்.

இச்செயலை எவ்வாறு மதிப்பிடுவது? இது தானே எழுந்த மெய்ப்பாடு அன்று. வரிசையில் காத்துநின்று செய்த செயல். எனவே பழிக்கும் புகழுக்கும் உரியது. பிணத்தை இகழ்தலை நான் ஏற்கத் தயங்குகிறேன். எனினும் அத்தயக்கத்தை அவர்மீது தீர்ப்பாக ஏற்றுவதற்கு, அவ்வெடிகுண்டால் எதையும் இழக்காத எனக்குள்ள தகுதி யாது என்னும் வினாவும் உடன் எழுகிறது. இவ்வினாவிற்கு விடைகாண நம் காப்பியங்களை அணுகலாம்.

இறப்போடு பகை முடியுமா?

இராவணன் வீழ்ந்தபின் அவனுக்கு இறுதிக்கடன் செய்ய வீடணன் தயங்குவதாக வான்மீகி பாடுகிறார். பகைமைகள் இறப்பு வரையில்தான் என்னும் கருத்தைக் கூறி இராமன் அவனைச் செலுத்துகிறான். கம்பனில் வீடணன் தமையன் உடலின்மேல் வீழ்ந்து புலம்புகிறான். இறந்தவரைப் பழியாமை என்னும் அறத்திற்கு இந்திய மரபில் இதனினும் உயர்ந்த எடுத்துக்காட்டு அரிது. ஆயின், கூறுபவன் யார், எந்நிலையில் கூறுகிறான் என்பன நோக்கத்தக்கன. இராமன் வென்றவன். தவறிழைத்தவன் களத்தில் தண்டனை பெற்றுவிட்டான். சீதை உயிருடன் மீளவிருக்கிறாள். கணக்குத் தீர்ந்த இடத்திலிருந்து அவன் பெருந்தன்மை பிறக்கிறது. கணக்குத் தீராத ஒருவரிடம் அதே பெருந்தன்மையை எதிர்பார்ப்பது எவ்வாறு முறையாகும்?

இளங்கோவடிகள் காட்டும் நிலை வேறு. பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலிருந்து வீழ்ந்து இறந்தபின்னும் கண்ணகியின் சினம் தணியவில்லை. மன்னனின் இறப்பு அவளுக்கு உவகை அளித்ததாகவும் அடிகள் கூறவில்லை. சினம் அவ்விறப்பைக் கடந்து சென்று மதுரையை எரிக்கிறது. ஆனால் காப்பியம் அங்கு முடிவதில்லை. வஞ்சிக் காண்டத்தில் தெய்வமாகத் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் என்றும் தான் அவன் மகள் என்றும் மொழிகிறாள். எரித்தவளே மகளானது எவ்வாறு? தவறு உணர்த்தப்பட்ட அந்நொடியிலேயே, தானே கள்வன் என்று மன்னன் அவையறிய ஏற்றுக்கொண்டான். இப்பகை அவ்வொப்புதலில் முடிந்தது. ஒப்புதல் இல்லாமல் அவன் முதுமையெய்தி நோயுற்று மாண்டிருந்தால், கண்ணகியின் வாயில் அச்சொல் பிறந்திருக்குமா என்பது ஐயமே.

சிலியில் நிகழாதது இவ்வொப்புதலே. 2006 நவம்பரில் தம் பிறந்தநாளில் மனைவிவழி வெளியிட்ட அறிக்கையில், நிகழ்ந்தவற்றிற்கு அரசியல் பொறுப்பை ஏற்பதாகப் பினோசெட் கூறினார். ஆனால் நாட்டைக் காக்கவே அவற்றைச் செய்ததாக நியாயமும் உரைத்தார். இறப்புக்குப்பின் வெளியான அவர் மடலும் 1973-இன் கவிழ்ப்பை நியாயப்படுத்தியது. தீர்ப்பு வருமுன் அவர் இறந்ததால், குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்லும் வாய்ப்பும் மறைந்தது. ஆகவே அம்மக்களின் சிரிப்பில் கசப்பு கலந்திருந்தது. சிறைக்கூடம் பெறவேண்டியவரை முதுமை பெற்றுக்கொண்டது.

அடக்கமும் ஒரு மெய்ப்பாடே

அந்நாளில் சிலியின் குடியரசுத் தலைவராக இருந்தவர் மிச்செல் பச்லெட். அவருடைய தந்தை, வான்படைத் தளபதிகளுள் ஒருவரான ஆல்பர்தோ பச்லெட், கவிழ்ப்பை எதிர்த்தமைக்காகச் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி 1974 மார்ச்சில் சிறையிலேயே இறந்தார். 1975-இல் மிச்செலும் அவர் தாயும் வில்லா கிரிமால்டி என்னும் வதைமுகாமில் அடைக்கப்பட்டனர். பினோசெட்டின் இறப்பில் மகிழ எவர்க்கேனும் உரிமை உண்டெனின் அவர்க்கு உண்டு.

அவர் சதுக்கத்திற்குச் செல்லவில்லை. பேழைக்கு முன்னும் நிற்கவில்லை. முன்னாள் ஆட்சித்தலைவர்க்குரிய அரசு மரியாதையை மறுத்தார். முன்னாள் படைத்தளபதிக்குரிய படைத்துறை மரியாதையை மட்டும் அனுமதித்தார். நாடளாவிய துக்கம் அறிவிக்கப்படவில்லை. அரசின் சார்பில் பாதுகாப்பு அமைச்சர் சடங்கிற்குச் சென்றார்; ஆதரவாளரின் எள்ளல் ஒலியையும் அங்கே எதிர்கொண்டார்.

இதனை உணர்ச்சியற்ற நடுநிலை எனல் பிழை. மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுக்கு அப்பால் தொல்காப்பியர் தொகுத்துரைக்கும் முப்பத்திரண்டனுள் நடுவுநிலையும் அடக்கமும் இடம்பெறுகின்றன. அடக்கம் என்பது உணர்ச்சி இல்லாமை அன்று. அதுவும் உள்ளத்து நிகழ்ச்சியே என்பது இவ்வைப்புமுறையால் விளங்கும். பச்லெட்டின் அடக்கம் பதவியின் கடமையிலிருந்து பிறந்தது. அரசு பழிவாங்கும் மனநிலையில் இயங்கலாகாது. அதே வேளையில் கொடுமையை மறந்துவிட்டதாகவும் நடிக்கலாகாது. இவ்விரண்டையும் அவர் காத்தார். ஆனால் அவ்வடக்கத்தைச் சுட்டிக்காட்டிச் சதுக்கத்தில் நின்ற தாயைப் பழித்தல் தவறு. ஆளுவோரிடம் எதிர்பார்க்கத்தக்க அறத்தை அவ்வாட்சியால் நலிந்தோர்மேல் சுமத்துதல் ஆகாது.

உணர்ச்சிக்குரிய எல்லைகள்

இங்கு ஒரு தடை எழலாம். நலிந்தோரின் சிரிப்பைச் சான்றாகக் கொள்வதெனின், மருத்துவமனை வாயிலில் அழுதோரின் கண்ணீரையும் சான்றாகக் கொள்ள வேண்டாவா? கொள்ளலாம். அக்கண்ணீர் பொய் அன்று. ஆயின் மெய்ப்பாடு, அதனை உடையவர்க்கும் இறந்தவர்க்கும் இடையிலான உறவினையே காட்டுகிறது. இறந்தவர் செய்தன யாவை என்பதனைக் காட்டுவதில்லை. அதனை நிறுவுபவை ஆவணங்களும் சாட்சியங்களும் அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்புகளுமே. உணர்ச்சியின் ஆழத்தை உண்மையின் அளவுகோலாகக் கொண்டால், கொடுங்கோலரை வழிபடுவோரும் அதே கோலை எடுப்பர்.

இரண்டாவதாக, கண்ணகியின் பேரெரியும் எல்லையுடையது. முதியோர், குழந்தைகள், அறவோர் முதலியோரை விலக்கித் தீயோர் பக்கமே செல்லுமாறு அவள் நெருப்பை ஏவுகிறாள். கட்டற்ற சினத்தின் உச்சத்திலும் குற்றமற்றோரைப் பிரித்தறியும் நினைவு அவளிடம் இருந்தது. இறந்தவரின் பேரக்குழந்தைகள்மீதோ தெருவில் செல்வோர்மீதோ பாயும் உணர்ச்சி இவ்வெல்லையைக் கடந்ததாகும்.

மூன்றாவது எல்லை காயத்தின் அண்மை பற்றியது. தலைநகர் தில்லியில் ஆண்டுதோறும் விசயதசமியன்று இராவணன் உருவம் எரிக்கப்படுகிறது. தந்தையின் தோள்மேல் அமர்ந்து கைதட்டும் குழந்தைக்கு அவன்மேல் எவ்விதப் பகையும் இல்லை. பட்டாசு வெடிப்பதே அதன் மகிழ்ச்சி. சடங்கு என்ற அளவில் இது தீங்கற்றதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மனிதரின் இறப்பைக் கொண்டாடும் வழக்கம் காயம் அறியாதோர் கைக்குச் செல்லும்போது, அதிலிருந்த அழுகை வடிந்து எள்ளல் மட்டும் எஞ்சுகிறது. சிலியின் தாயின் சிரிப்புக்கு இருந்த பொருள், அதனைத் தொலைவிலிருந்து நடித்துக் காட்டுவோரின் சிரிப்புக்கு இல்லை. நம்மைப் போன்ற தொலைவிலுள்ளோர்க்கு உரியது அச்சிரிப்பின் காரணத்தைக் கேட்டறிதலேயாம்.

இறுதியாக, அம்மகிழ்ச்சி தன்னை நீதியென மயங்கிவிடக் கூடாது. பினோசெட்டின் உளவுத்துறைத் தலைவர் மனுவேல் கொன்த்ரேராஸ் பல வழக்குகளில் மொத்தம் 500 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தண்டனை பெற்று, 2015 ஆகஸ்டில் இறந்தார். அப்போதும் மக்கள் கூடிக் களித்தனர். இங்கே தீர்ப்பு இருந்தது. எனினும் காணாமற்போனோர் எங்கே என்னும் வினாவிற்குரிய விடையை அவர் தம்மோடு கொண்டுசென்றார். 2021 டிசம்பரில் பினோசெட்டின் மனைவி இறந்தபோதும் சாந்தியாகோவின் அதே சதுக்கத்தில் கூட்டம் திரண்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வுணர்ச்சி வற்றாமை, அதனைத் தீர்க்கவல்லது இறப்பு அன்று என்பதனையே காட்டுகிறது. 2023 ஆகஸ்டில், கவிழ்ப்பு நிகழ்ந்து அரை நூற்றாண்டு நிறைவுறும் தருணத்தில், காணாமற்போனோரைத் தேடும் தேசியத் திட்டத்தைச் சிலி அரசு அறிவித்தது. அப்போதும் 1,100-க்கும் மேற்பட்டோரின் உடலெச்சங்கள் அடையாளம் காணப்படாமல் இருந்தன. அத்தாயர்க்கு உண்மையில் ஆறுதல் தரவல்லது, தேடிக் கண்டெடுத்துப் பெயர் சொல்லி ஒப்படைக்கப்படும் ஓர் எலும்பு எனலாம்.

நிறைவுரை

வெறுக்கப்பட்ட ஆட்சியாளரின் இறப்பில் எழும் உணர்ச்சியை அடக்கமின்மை என ஒதுக்குதலும், நீதி எனப் போற்றுதலும் ஒருங்கே பொருந்தாதன. அது தொல்காப்பியர் கூறும் உவகை அன்று. தன் களங்களில் ஆறாது கிடந்த வெகுளியும் அழுகையும் எள்ளல் நகையாக வெளிப்படுதலே அது. தானே எழும் மெய்ப்பாடு என்ற அளவில் அது பழிக்குரியதன்று. செயலாக மாறும்போது குற்றமற்றோரைத் தீண்டாமை அதற்குரிய எல்லை. காயம்பட்டோர்க்கு அது உரிமை. அல்லாதார்க்கு அது கேட்டறிய வேண்டிய செய்தி. ஆளும் பொறுப்பில் இருப்போர்க்கு அடக்கமே கடமை.

பகை இறப்போடு முடிவதாக வான்மீகியின் இராமன் கருதினான். தவற்றை ஏற்றுக்கொள்வதில் முடிவதாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. இறந்தவர்முன் அமைதி காக்க வேண்டும் என்று நலிந்தோரிடம் கேட்பதற்கு முன், அவர்கள்முன் எவரேனும் தவற்றை ஏற்றுக்கொண்டனரா என்று கேட்டல் வேண்டும். அன்று வகுப்பில் வினவிய மாணவிக்கு அடுத்த வகுப்பில் நான் அளித்த விடையும் இதுவே: அம்மகிழ்ச்சியை உவகையில் தேடாதீர், அழுகையில் தேடுக, இழவு என்னும் களத்தில் அது கிடைக்கும்.